ஒண்டும் நடக்கேல்லை, இருந்து கதையுங்கோ

எடி,

உன் பையைத் திறந்ததும் கராம்பு மணந்தது. தேநீரை விட்ட பிறகு வாயில் கராம்பை அடக்கிக்கொண்டு திரிந்தாயே, அந்த மணம். பையின் சின்ன அறைக்குள் இன்னும் சில கிடக்கின்றன. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். நாக்கு விறைத்ததுதான் மிச்சம், பயம் அப்படியே இருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் உன் மடிக்கணினி திறந்து கிடக்கிறது. அப்டேட் ஓடத் தொடங்கிவிட்டது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் விழுந்தடித்து ஏறுகின்றன, எனக்கு ஒரு வரியும் விளங்கவில்லை. அது ஓடும்போது கை வைக்கக் கூடாது, யாரோடாவது இருந்து கதைக்க வேண்டும் என்பது நீ போட்ட சட்டம். இவ்வளவு காலமும் நான் கதைத்தது உன்னோடுதான். நீ பிக்கரிங்கில், நான் ரூஜில், நடுவில் தொலைபேசி. இன்றைக்கு மற்றப் பக்கம் ஆளில்லை. கை சும்மா இருந்தால் எந்தப் பொத்தானையாவது அமத்திவிடும், அதனால் பேனாவை எடுத்திருக்கிறேன்.

பக்கத்து அறையில் இவர் இருக்கிறார். இவருக்கு நான் என்ன செய்கிறேன் என்று தெரியும்.

என்ன நிலைமை என்று முதலில் உனக்குச் சொல்ல வேண்டும். இவர் கண்ணால் பார்த்து எழுத நீ கணினியில் பொருத்திய கமராவுக்கு வயது போய்விட்டது. இவர் ஒரு எழுத்தைப் பார்த்தால் அது பக்கத்து எழுத்தில் போய் நிற்கிறது. அழித்து, திரும்பப் பார்த்து, திரும்பவும் பிழைத்து, நேற்று தண்ணீர் கேட்க முயன்றவர் பாதியில் கண்ணை மூடிக்கொண்டார். அவர் அப்படிக் கண்ணை மூடியதை நான் முன்பு கண்டதில்லை. கிளினிக்கிலிருந்து புதுக் கமரா வந்து பெட்டியோடு இருக்கிறது. ஆனால் எங்கள் கணினியை ஓட்டுகிற பழைய லினக்ஸோடு அது சேராதாம். அப்டேட் செய்தால்தான் கமரா வேலை செய்யும். அப்டேட் செய்தால் கணினிக்குள் இருக்கிற இவருடைய குரல் போனாலும் போகும். நீ செத்த நாளிலிருந்து அப்டேட் வந்திருக்கிறது என்று காட்டும் அந்தச் செம்மஞ்சள் அடையாளம் திரை மூலையில் வரும்போதெல்லாம் 'பிறகு' என்பதைத்தான் அமத்திக்கொண்டு வந்தேன். இனிப் 'பிறகு' கிடையாது.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்கு முதல் நாளே தெரியும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஸ்காபுறோவில் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தோம். லிஃப்ட் நடுவில் நின்றுவிடும் என்று நான் படியால் ஏறுவேன். நீ மேல்மாடியில் இருந்தவள். சாமான் பைகளோடு நான் மூச்சிரைப்பதைக் கண்டுவிட்டு ஒரு பையை வாங்கி, எனக்குப் பக்கத்தில் ஏறத் தொடங்கினாய். சிரிப்பாய் என்று எதிர்பார்த்தேன். "பயப்பிடுற ஆக்களை எனக்குப் பிடிக்கும்," என்றாய். "அடுப்பு அணைஞ்சு நூந்திட்டுதோ எண்டு ஒருக்கால் திரும்பிப் பாக்கிறது அவைதான்." ஒரு மன்னார்க்காரி என் பயத்துக்கு மரியாதை கொடுத்தது எனக்குப் புதுமையாக இருந்தது. வீட்டில் எல்லோரும் அதை வைத்துப் பகிடிதான் விட்டார்கள்.

பிறகு நீ படித்து, பெரிய கம்பனி ஒன்றில் கணினிகளைச் சோதித்துப் பார்க்கும் வேலைக்குப் போனாய். நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் நின்றேன். உன் வேலை என்னவென்று கேட்டால், "நீ செய்யிறதுதான். மற்ற ஆக்கள் சாப்பிட முதல் நான் ருசி பாக்கிறன்," என்பாய்.

இவருக்கு நோய் வந்தபோது நீ செய்ததை என் உடன்பிறப்புகள் செய்யவில்லை. கை போனது, கால் போனது, அடுத்தது நாக்கு என்று டாக்டர் சொன்னார். பஸ் ஓட்டிய மனுஷன். ஏறுகிற சனம் எல்லாரோடும் கதை. அப்படிப்பட்டவருக்குப் பேச்சுப் போகப் போகிறது. ஆஸ்பத்திரியில் காட்டிய, கண்ணால் எழுதினால் பேசுகிற மெஷின் நல்ல மெஷின்தான், ஆனால் அதற்குத் தமிழ் வராது. "அப்ப நாங்களே ஒண்டைக் கோப்பம்," என்று நீ உனக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று ஒரே மாதிரியான இரண்டு பழைய மடிக்கணினி வாங்கி வந்தாய். இரண்டிலும் லினக்ஸ் போட்டாய். இலவசம், ஆரும் பூட்டு வைக்கவில்லை, விரும்பியபடி பிரித்துப் பொருத்தலாம் என்றாய். எனக்கு விளங்கியது இலவசம் என்பது மட்டும்தான்.

அந்த மாரி முழுக்கச் சனிக்கிழமைகளில் எங்கள் நிலக்கீழ் அறையில் இவரை இருத்தி, ஒவ்வொரு வசனமாய்ச் சொல்லவைத்துப் பதிந்தாய். பசிக்குது. குளிருது. ஜன்னலைப் பூட்டு. உப்புக் காணாது. இவர் நல்ல பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டு போக, நீ நிற்பாட்டினாய்.

"அண்ணை, ஏச்சும் வேணும். ஏசாத புருஷனை இவள் நம்பமாட்டாள். நீங்கள் இல்லை, வேறை ஆரோ எண்டு நினைப்பாள்."

இவருக்கு அப்போதே நாக்குத் தடித்துவிட்டது. யோசித்துவிட்டு என்னைப் பார்த்து, "ஏனப்பா கத்துறாய்?" என்றார். அவர் வாயால் வழக்கமாய் வருகிற அதே எரிச்சல். நாங்கள் மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். இன்றைக்கு இவருடைய சொந்தக் குரலில் மிச்சம் இருப்பது அந்த வசனங்கள்தான். மற்றதெல்லாம் கண்ணால் எழுதி மெஷின் சொல்லுவது. அந்த மெஷின் குரல், செய்தி வாசிக்கிறவருக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்தது போல இருக்கும்.

எழுத்துகள் இன்னும் ஓடுகின்றன. ஒரு இடத்தில் கொஞ்ச நேரம் நின்றன. என் நெஞ்சும் நின்றது. பிறகு இரண்டும் ஓடின.

உனக்கு ஞாபகமா, முதல் தரம் நீ எச்சரித்த நாள்? நீ வேலையில் இருந்தாய். ஏதோ ஒரு அப்டேட் பிழையாய் வெளிவந்து, உலகம் முழுக்க லினக்ஸ்காரர் கணினி திறக்காமல் புலம்புகிறார்கள் என்று பார்த்துவிட்டு எனக்கு அழைத்தாய். "எடி, அப்டேட் ஒண்டு வருது, மோசமான சாமான், கவனம்!" என்று கத்தினாய். திரும்பிப் பார்த்தால் திரையில் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. போடட்டுமா என்று திரை கேட்டதற்கு இவர் கண்ணாலேயே 'ஓம்' சொல்லியிருக்கிறார். பாய்ந்து வயரைப் பிடுங்கி, பொத்தானை அமத்தி, விளக்கையும் அணைத்தேன். பகல் நேரத்தில் விளக்கை ஏன் நூத்தேன் என்று நீ பிறகு கேட்டாய். ஊரில் குண்டு போட வருகிற பொம்பரின் சத்தம் கேட்டால் அம்மா செய்கிற முதல் வேலை அது. கவனம் என்று யாரும் கத்தினால் என் கை தானாய் எதையாவது நூர்க்கும்.

ஓடுகிற அப்டேட்டை நடுவில் நிற்பாட்டியதுதான் கணினியைக் கொன்றது. அப்டேட் கூட அவ்வளவு செய்திருக்காது.

நீ பனிக்குள் ரயில் பிடித்து வந்தாய். அதுவரை இவர் கண்ணை உருட்டி உருட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வலியா, மூச்சா, முதுகா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டேன். எதற்கும் ஓம் என்று இமை மூடவில்லை. உள்ளுக்குள் முழு ஆளாய் இருந்துகொண்டு வெளியில் வரமுடியாமல் நிற்கிற ஒருவரை நான் அன்றைக்குத்தான் முதன்முதல் கண்டேன். அந்தப் பயம் இன்றுவரைக்கும் என் வயிற்றில் கிடக்கிறது.

நீ மேசையடியில் இருந்துகொண்டு, கராம்பைச் சப்பியபடி, கணினியை எழுப்பினாய். திரை வந்தது, சத்தம் வரவில்லை. நான் அழத் தொடங்கிவிட்டேன். "குரல் போகேல்லையடி," என்றாய் தலை நிமிராமல். "வேறை வாசலாலை போகுது. டிவிக்கு வயர் கொழுவிற ஓட்டை இருக்குதெல்லே, அதாலை போகுது. சத்தத்தை எங்கை விடுறதெண்டு சொல்லிக்குடுக்க வேணும், அவ்வளவுதான்." எதையோ திறந்து, ஸ்பீக்கர் என்று தெரிவு செய்தாய். இவர் கண் கொஞ்ச நேரம் திரையில் அலைந்தது. பிறகு அவருடைய சொந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஏனப்பா கத்துறாய்?"

அவர் மத்தியானம் முழுக்கச் சொல்ல நினைத்தது அதுதானாம்.

அன்றைக்கு நீ என்னை ஏசவில்லை. உன்னைத்தான் ஏசிக்கொண்டாய். "பிழை என்னிலை. கவனம் எண்டு கத்தினால் ஆர் கவனமாய் இருக்கினம்? பாஞ்சு திரியிறதுதானே." அதற்குப் பிறகு, யாருக்குச் சொன்னாலும், உன் எச்சரிக்கைக்கு ஒரே ஒழுங்கு வந்தது. முதல் வசனம் எப்போதும் "ஒண்டும் நடக்கேல்லை." அடுத்தது கையை எங்கே வைக்க வேண்டும் என்பது. "கையை மடியிலை வையுங்கோ, இருந்து கதையுங்கோ." கெட்ட செய்தி மூன்றாவதாய்த்தான் வரும். அதையும் சமையல் சொல்லுவது போலத்தான் சொல்லுவாய்.

உன் கணினிக்கு அக்கா என்றும் எங்களுடையதற்குத் தங்கச்சி என்றும் பேர் வைத்தாய். எந்த அப்டேட் வந்தாலும் முதலில் அக்காவுக்கு. சில நாள் பார்த்துவிட்டுத்தான் தங்கச்சிக்கு. "அக்காவுக்கு அம்மை வந்தால் தங்கச்சியைக் கிட்ட விடுறேல்லை." இரண்டு கணினியிலும் ஒரு காவலும் வைத்தாய். அப்டேட் தொடங்க முதல் அது நின்று, இதைப் போட்ட மற்றவர்களுக்கு என்ன பிரச்சினை வந்தது என்று சிவப்பில் காட்டும். மேலே உன் கையெழுத்துப் போல ஒரு வரி: எடி, முதல் வாசி. எல்லாம் முடிந்த பிறகு உனக்கு அழைத்து, "கதைக்குது" என்று சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் போதாது, தொலைபேசியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்து உன் காதில் கேட்கவைக்க வேண்டும். அது கேட்டால்தான் நீ சாப்பிடப் போவாய்.

ரெக்ஸ்டேலில் இருக்கிற அங்கிளுக்கும் அதே சட்டம், அதே காவல்தான். கண் தெரியாத மனுஷன், கணினி வாசித்துக் காட்டினால்தான் பேப்பர், கடிதம், பேரப்பிள்ளைகளின் மெசேஜ் எல்லாம். அவருக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுத்து, அவருக்கும் சொல்லிச் சொல்லிக் காத்தாய்.

எல்லாருக்கும் முன்னுக்குச் சொன்ன நீ, வேலையில் மேசையில் தலையைச் சாய்த்தாயாம், எழும்பவில்லையாம். மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். இவரிடம் சொன்னேன். அவர் கண்ணால் எழுதினார். மெஷின் அந்தத் தடிமன் குரலில், "எங்களுக்குச் சொல்லாமல் போயிட்டா," என்றது. எனக்கு உன்னில் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

மாதத் திருப்பலி முடிந்து உன் வீட்டில் சாப்பாடு கொடுத்தபோது, உன் தமக்கை உன் கணினியோடு இந்தப் பையை என் கையில் தந்தா. "இவள் எப்பவும் சொல்லுறவள், தனக்கு ஏதும் எண்டால் உது உங்களுக்கு எண்டு. நான் கேட்டனான், அவவுக்கு உதிலை என்ன தெரியும் எண்டு. பயப்பிடுற ஆள்தான் முதல் வாசிக்கும் எண்டவள்." பையைக் கொண்டுவந்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இன்று காலைவரை திறக்கவில்லை.

எடி, ஓட்டம் நின்றுவிட்டது. பிறகு எழுதுகிறேன்.

திரும்பி வந்திருக்கிறேன். நடந்ததை ஒழுங்காய்ச் சொல்லுகிறேன்.

காலையில் தொடங்க முதல் உன் காவல் நிற்பாட்டி, சிவப்பில் காட்டியது. வாசித்தேன். அகராதியையும் வைத்துக்கொண்டு வாசித்தேன். கூடுதலாய்க் குரல் போட்டு வைத்திருக்கிறவர்களுக்கு அந்தக் குரல்கள் இருக்கும் இடம் மாறும், முதலே பிரதி எடுத்து, முடிந்த பிறகு புது இடத்தில் போட வேண்டும் என்றிருந்தது. எடுத்து வைத்திருந்தேன். ஆகவே அக்கா, உன் கணினி, திரும்ப எழும்பியதும் சொன்னபடி போட்டேன். இவருடைய வசனம் ஒன்றை அமத்தினேன்.

சத்தம் இல்லை.

திரும்ப அமத்தினேன். இல்லை. இன்னொரு வசனம். இல்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தங்கச்சிக்கும் இதுதான் நடக்கும், இவர் திரும்பவும் உள்ளுக்குள் பூட்டப்படுவார் என்பதைத் தவிர வேறு நினைவே வரவில்லை. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. ரெக்ஸ்டேல் அங்கிள்.

"பிள்ளை, உது நில்லுங்கோ எண்டு சொல்லிச்சுது. பேந்து ஓமோ இல்லையோ எண்டு கேட்டுது. நான் ஓம் எண்டு அமத்திப்போட்டன். இப்ப ஏதோ இரைஞ்சுகொண்டு ஓடுது, ஆனால் வாசிக்குதில்லை. பழுதாக்கிப்போட்டனோ? வயரிலை கை வைச்சுக்கொண்டு நிக்கிறன். இழுத்துவிடட்டோ?"

ஐயோ என்ற சொல் என் தொண்டைவரை வந்துவிட்டது. கத்தியிருந்தால் அவர் இழுத்திருப்பார். நானும் அப்படித்தானே இழுத்தவள். கராம்பைக் கடித்தேன், பல்லுக்குள் உடைந்தது.

"ஒண்டும் நடக்கேல்லை அங்கிள்," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாய் இருந்தது. "கையை எடுத்து மடியிலை வையுங்கோ. வைச்சிட்டியளோ?"

"ஓம் பிள்ளை, வைச்சிட்டன்."

"இருந்து கதையுங்கோ. முடியுமட்டும் நான் இஞ்சை நிக்கிறன்."

என்ன கதைத்தார் தெரியுமா? உன்னைத்தான். மேசையில் பைபிளை வைத்துக்கொண்டே நீ அவருடைய கணினியோடு சத்தமாய்ச் சண்டை பிடித்ததை. நான் ஓம் ஓம் என்றுகொண்டு அக்காவின் மௌனத்தைப் பார்த்தபடி நின்றேன். நடுவில் கதையை நிறுத்திக் கேட்டார்.

"பிள்ளை, குரல் போயிட்டுதெண்டால் நான் பேந்து என்ன செய்யிறது?"

"குரல் போகாது அங்கிள்," என்றேன், அவரைத் தேற்றத்தான். "போனாலும் வேறை வாசலாலைதான் போகும்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நீ அன்றைக்குத் திறந்த இடத்தைத் தேடித் திறந்தேன். சத்தம் டிவி ஓட்டைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் என்று மாற்றி, வசனத்தைத் திரும்ப அமத்தினேன். அக்கா என் வீட்டு மேசையிலிருந்து, இவருடைய குரலில், உரத்துக் கேட்டாள்:

"ஏனப்பா கத்துறாய்?"

பக்கத்து அறையில் இவர் பழைய கமராவோடு மல்லுக்கட்ட, தங்கச்சியின் தடிமன் குரலில் வந்தது, "ஆரப்பா அது?"

நான் நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். அங்கிள் மற்றப் பக்கத்தில், "என்ன பிள்ளை, என்ன நடந்தது?" என்று பதறினார். அவருடைய கணினி அதற்குள் எழும்பி, ஒரு பிரச்சினையும் இல்லாமல் வாசிக்கத் தொடங்கியிருந்தது. "கதைக்குது பிள்ளை!" என்றார். நான் கேட்காமலே தொலைபேசியைக் கொண்டுபோய் ஸ்பீக்கரில் பிடித்தார். அதை நீ கேட்டிருக்க வேண்டும்.

நியாயப்படி நான் சில நாள் பொறுக்க வேண்டும். அக்காவை வைத்துப் பார்க்க வேண்டும். இவரிடம் போய் அதைச் சொன்னேன். அவர் எழுதத் தொடங்கினார். எழுத்து வழுக்கியது, அழித்தார், திரும்ப வழுக்கியது. "போதும். போடு," என்ற இரண்டு சொல்லுக்கு அவருக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. அதற்கு மேல் என்னால் பொறுத்திருக்க முடியவில்லை, நீ ஏசினால் ஏசு.

தொடங்க முதல் அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். "ஒண்டும் நடக்கேல்லை," என்றேன். "நான் கையை மடியிலை வைச்சிருக்கிறன். கொஞ்ச நேரம் உங்களுக்குச் சத்தம் இருக்காது. நான் கதைக்கிறன், நீங்கள் கேளுங்கோ." அவர் ஒரு தரம் இமையை மூடித் திறந்தார். அது ஓம்.

அமத்தினேன். திரை கறுத்தது. லிஃப்டில் நீ என்னை முதன்முதல் ஏற்றிய நாளைப் பற்றி அவருக்குச் சொன்னேன். என் கை உன் கையைப் பிடித்த பிடியில் உனக்கு நகம் பதிந்ததையும், கீழே வந்து சேரும்வரை நீ கையை இழுக்காததையும் சொன்னேன். அவர் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது.

திரை வந்தது. குரல்களைப் போட்டேன், வாசலை மாற்றினேன், புதுக் கமராவைக் கொழுவினேன். அவர் பார்வை எழுத்தில் இருந்து எழுத்துக்குப் போனது. வழுக்கவில்லை. ஒன்றையும் அழிக்கவில்லை. அவர் எழுதியது தண்ணீர் இல்லை, பசி இல்லை.

"அவவுக்குச் சொல்லு," என்றது மெஷின். உனக்குத்தான்.

என் பயம் போகவில்லை. அடுத்த அப்டேட்டும் வரும், அந்தச் செம்மஞ்சள் அடையாளத்தைக் கண்டவுடன் திரும்பவும் பயம் வரும். வரட்டும். முதல் வாசிப்பேன், முதல் அக்காவுக்குப் போடுவேன், அங்கிளுக்கு அழைத்து முதல் வசனத்தை முதலாவதாய்ச் சொல்லுவேன். இன்றைக்கு உன் எண்ணுக்கு அழைக்க முடியாது, அதனால் இந்தத் தாளை அவருடைய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எடி, கதைக்குது. நீ போய்ச் சாப்பிடு.